வெளியாளுக்குக் கொடுக்கிற மாத்திரை

என் நெஞ்செரிச்சலுக்கு நான் முதலில் குற்றம் சொன்னது மீன் குழம்பை. பிறகு டீயை. பிறகு, காலையில் செங்கல்பட்டில் கிளம்பித் திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகும் பஸ்ஸை; அதைப் பிடிக்கிற அவசரத்தில் நின்றபடியே விழுங்கும் நாலு இட்லியை. நாற்பத்தெட்டு வயதை. இப்படி, கண்ணில் பட்ட எல்லாவற்றின் மேலும் பழியைப் போட்டேன். மூன்று வருஷம் என் கையாலேயே வாங்கி விழுங்கிய ஒன்றின் மேல் மட்டும் எனக்குச் சந்தேகமே வரவில்லை. காரணம், அதைக் கொடுத்தவள் என் தோழி.

நான் அறிவியல் டீச்சர். மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலை ஒட்டிய குப்பங்களின் பிள்ளைகள் படிக்கிற அரசு உயர்நிலைப் பள்ளியில் வேலை. வீடு செங்கல்பட்டில். தோழியும் நானும் கல்லூரியில் ஒரே பெஞ்சு. வேதியியல் லேபில் என் ரெக்கார்டு நோட்டுக்கு அவள் படம் வரைவாள், அவளுடைய கணக்குகளை நான் போட்டுக் கொடுப்பேன். பட்டம் வாங்கிய பிறகு நான் பி.எட். படிக்கப் போனேன். அவள் மருந்தாளுநர் படிப்புப் படித்து, கல்யாணம் ஆகி, பஸ் நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் மெடிக்கல் ஷாப் வைத்தாள். முன்னால் கடை, பின்னால் வீடு. அவள் கணவருக்கு வெளிநாட்டில் வேலை என்பதால் அவளுடைய பிரசவத்தின்போது மூன்று நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் துண்டு விரித்துப் படுத்திருந்தவள் நான்தான்.

சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கியதும் நேராக அவள் கடைக்குத்தான் போவேன். கவுண்டருக்கு உள்பக்கம் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் கிடக்கும், அது எனக்கு. அரை மணி நேரம் அங்கே உட்கார்ந்து, அன்றைக்கு நடந்ததையெல்லாம் கொட்டிவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புவேன். என் மகளின் காய்ச்சலுக்கும் என் அப்பாவின் சர்க்கரைக்கும் அங்கிருந்துதான் மருந்து. வேறு மெடிக்கலில் நான் ஒரு தலைவலி மாத்திரைகூட வாங்கியதில்லை.

ஒரு நாள் காலையில் உட்கார இடம் கிடைக்காமல் பஸ்ஸில் நின்றுகொண்டு போனேன். திருக்கழுக்குன்றம் தாண்டி ஒரு வேகத்தடையில் டிரைவர் வேகத்தைக் குறைக்காமல் ஏற்றிவிட்டார். என் இடுப்பில் ஏதோ கழன்றுகொண்டதுபோல் இருந்தது. அன்றைக்குச் சாயங்காலம் இடது காலைத் தரையில் ஊன்ற முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டுதான் அவள் கடைக்குள் ஏறினேன்.

"டாக்டர்கிட்ட ஒரு வாட்டி காட்டிடேன்டி," என்றாள்.

"பத்தாவதுக்குப் பரீட்சை நேரம். லீவு போட முடியாது. நாளைக்குக் காலைல நான் நின்னாகணும்," என்றேன்.

கொஞ்சம் யோசித்தாள். பிறகு மூன்று டப்பாக்களைத் திறந்து, ஒவ்வொன்றிலிருந்தும் மாத்திரைகளை எடுத்துச் சின்னச் சின்னக் காகிதப் பொட்டலமாகக் கட்டினாள். பொட்டலத்துக்கு மூன்று. மஞ்சளில் ஒன்று, வெள்ளையில் பொடிசாக ஒன்று, ரோஸில் ஒன்று.

"செட்டு மாத்திரை. காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. சாப்ட்டுட்டுப் போடு. அஞ்சு நாள்."

மறுநாள் காலையில் எனக்கு இருபத்தைந்து வயது. பஸ் படியில் தாவி ஏறினேன். அன்றைக்கு அவளுக்கு போன் செய்து, "உன் கைய காட்டு, கண்ணுல ஒத்திக்கிறேன்," என்று சொன்னது நன்றாக ஞாபகம் இருக்கிறது. அவள் சிரித்தாள்.

அந்த ஐந்து நாள் முடிந்து பத்து நாளில் வலி திரும்பி வந்தது. இன்னொரு ஐந்து நாள். பிறகு மாதத்துக்கு இரண்டு தடவை. பிறகு வலி வந்துவிடுமோ என்கிற பயத்திலேயே தினமும். நான் கேட்கக்கூட வேண்டாம். ஸ்டூலில் உட்கார்ந்ததும் பொட்டலம் என் கைப்பைக்குள் வந்து விழுந்துவிடும்.

ஆறு மாதம் இருக்கும். போர்டில் எழுதிக்கொண்டிருந்தபோது மார்புக்கூட்டின் நடுவில் யாரோ தீக்குச்சியை உரசி வைத்ததுபோல் இருந்தது. அடுத்த நிமிஷம் தொண்டை வரைக்கும் புளித்த தண்ணீர் ஏறியது. சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றேன். பிள்ளைகள் கடலைப் பார்க்கிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

அன்றிலிருந்து என் வயிற்றுக்கான மருந்துகள் ஒவ்வொன்றாக ஆரம்பித்தன. முதலில் ரோஸ் நிறப் பாட்டில் மருந்து. மூடியில் அளந்து குடித்தால் சுண்ணாம்புத் தண்ணீரில் பெப்பர்மிண்ட் கரைத்ததுபோல் இருக்கும். கால் மணி நேரத்தில் குளிர்ந்துவிடும். இரண்டு மணி நேரத்தில் மறுபடி எரியும். தொடர்ந்து குடித்ததில் வயிறு வேறு இளகியது. அடுத்து, மென்று தின்கிற மாத்திரை. அதைக் கைப்பையில் போட்டுக்கொள்ளலாம், பஸ்ஸில் வைத்தே சமாளிக்கலாம், ஆனால் பல்லெல்லாம் சாக்பீஸ் மாவு. அதற்கடுத்து, தண்ணீரில் கொட்டியதும் நுரைத்துப் பொங்குகிற பொடி. வேகத்தில் அதை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஒரு ஏப்பம், எல்லாம் சரி. அரை மணி நேரம்தான், பிறகு பழையபடி. அதில் உப்பு அதிகம், பிரஷர் இருந்தால் ஆகாது என்று தோழி சொன்னாள். அதனால் ராத்திரியில் போடும் ஒரு சின்ன மாத்திரைக்கு மாறினேன். அது வேலை செய்ய ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்ளும், ஆனால் விடியும் வரை தாங்கும். ஒரு மாதத்தில் அதுவும் மங்கிப்போனது. கடைசியில் கேப்ஸ்யூல். காலையில் வெறும் வயிற்றில், சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால். முதல் நாளே பலன் எதிர்பார்க்கக் கூடாது, மூன்று நாள் பொறுக்க வேண்டும் என்றாள்.

டீச்சர் புத்தி போகுமா? இதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிவைத்தேன். எத்தனை நிமிஷத்தில் கேட்டது, எவ்வளவு நேரம் தாங்கியது, நாக்கில் என்ன ருசி, மறுநாள் வயிறு எப்படி. ஒரு நாள் பத்தாம் வகுப்பில் அமிலமும் காரமும் பாடம் வந்தபோது, இவை எல்லாவற்றையும் பையில் எடுத்துக்கொண்டு போனேன். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஐந்து சோதனைக் குழாய்களில் ஊற்றி, நீல லிட்மஸ் சிவப்பாவதைக் காட்டினேன். பிறகு ஒவ்வொன்றிலும் ஒரு மருந்து. பொடியைப் போட்டதும் நுரை குழாயின் வாய் வரை ஏறி மேஜையில் வழிந்தது. பிள்ளைகள் கை தட்டினார்கள். பாட்டில் மருந்து மெதுவாகக் கலங்கி, லிட்மஸை நீலத்துக்குக் கொண்டுவந்தது. மெல்லும் மாத்திரையைப் பொடித்துப் போட வேண்டியிருந்தது. ராத்திரி மாத்திரையும் கேப்ஸ்யூலும் ஒன்றுமே செய்யவில்லை. லிட்மஸ் சிவப்பாகவே இருந்தது.

முதல் பெஞ்சுப் பெண் ஒருத்தி கேட்டாள்: "இது ரெண்டும் டூப்பா டீச்சர்?"

"இல்லம்மா. அதெல்லாம் சுரந்த அமிலத்தோட சண்டை போடும். இதுங்க சுரக்கவே விடாது. குழாயையே மூடிடும். அதனால டெஸ்ட் டியூப்ல தெரியாது," என்றேன். அந்த விளக்கம் தோழி எனக்குச் சொன்னது. அவளைப் பற்றிப் பெருமையாகக்கூட இருந்தது.

இன்னொரு பெண் எழுந்து, "அப்ப அமிலம் ஏன் டீச்சர் அவ்ளோ சுரக்குது?" என்றாள்.

புளி, காரம், நேரம் தவறிய சாப்பாடு, கவலை என்று அடுக்கினேன். அதுவும் தோழி சொன்னதுதான். "உன் வாய கட்டுடி. அந்தக் குப்பத்து மீன் குழம்புதான் உன்ன தின்னுது," என்பாள்.

நான் கட்டினேன். டீ போனது. ஊறுகாய் போனது. பள்ளிக்கூடத்தில் எனக்கு ஒரு அம்மா அடிக்கடி மீன் குழம்பு கொடுத்தனுப்புவார். ஏழாம் வகுப்பில் அவர் மகள் படித்தாள். ஏலத்தில் மீன் எடுத்து, கூடையில் வைத்துத் தெருத்தெருவாக விற்பவர். சங்கரா மீனும் மாங்காயும் போட்டு அவர் வைக்கிற குழம்பு ஸ்டாஃப் ரூம் முழுக்க மணக்கும். அதையும் வேண்டாம் என்றேன். அவர் முகம் சுருங்கியது.

"இன்னா டீச்சர், எங்கூட்டுக் கொழம்பு புடிக்கலியா?"

"வயிறு ஒத்துக்கலம்மா. டாக்டர் சொல்லிட்டாங்க."

டாக்டர் யாரும் சொல்லவில்லை. தோழி சொன்னதை டாக்டர் சொன்னதாகச் சொன்னேன். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தது.

அந்த அம்மாவுக்குத் தோள்பட்டையிலும் கழுத்திலும் வலி. கூடை தூக்கித் தூக்கி வந்தது. ஒரு நாள் பெற்றோர் கூட்டத்துக்கு வந்தவர், பெஞ்சிலிருந்து எழ முடியாமல் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். என் கைப்பையில் பொட்டலம் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன்.

"எனக்கு இதான் கேட்டுது. போட்டுப் பாருங்க."

அடுத்த வாரம் பள்ளி வாசலில் காத்துக்கொண்டு நின்றார். "டீச்சர், அது இன்னா மாத்தர, சாமி மாதிரி கீது. இன்னும் பத்து வாங்கியாந்து குடேன்." அன்றிலிருந்து இரண்டு வருஷம், எனக்கு வாங்கும்போது அவருக்கும் சேர்த்து வாங்கினேன். சாப்பாட்டு டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்து, பஸ்ஸில் எடுத்துப்போய், என் கையால் கொடுத்தேன்.

இதற்கிடையில் என் முகம் உருண்டையாகிக்கொண்டு வந்தது. கன்னம் இரண்டும் உப்பின. ஸ்டாஃப் ரூமில், "பூசினாப்ல அழகா இருக்கீங்க," என்றார்கள். கை கால் மட்டும் மெலிந்துகொண்டே போனது. தோழியிடம் கேட்டேன். "வயசாவுதுல்ல? உடம்பு அப்படித்தான் போடும்," என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளின் சீட்டை வாங்கிப் படித்தாள். நானும் விட்டுவிட்டேன்.

ஒரு சனிக்கிழமை முன்பகல். வெயில் கொளுத்தியது. கடைவீதிக்குப் போனவள், தலை சுற்றவே அவள் கடைக்குள் ஏறினேன். "உள்ள போய்ப் படு, மூஞ்சியே செரியில்ல," என்று பின்னால் இருந்த வீட்டுக்கு அனுப்பினாள். கட்டிலில் படுத்திருந்தேன். கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு துணித்திரைதான். கொஞ்ச நேரத்தில் அவளுடைய அக்கா வந்த குரல் கேட்டது. கருங்குழியிலிருந்து வருவார், எனக்கும் தெரிந்தவர்தான். முட்டி வலி என்று புலம்பிக்கொண்டிருந்தார்.

"எல்லாருக்கும் பொட்டலம் கட்டிக் குடுக்கறியே, அதுல எனக்கும் நாலு குடேன்," என்றார்.

"அது உனக்கு வேணாங்க்கா."

"ஏன்டி, நான் இன்னா பாவம் பண்ணேன்?"

"அதுல கீறது வலி மாத்திரையும் ஸ்டீராய்டும். ரெண்டு நாள் போட்டா பரவால்ல. டெய்லி போட்டா வயிறு புண்ணாயிடும், எலும்பு அரிச்சிடும். மூஞ்சிய ஊதவெச்சிடும். அது வெளியாளுக்குக் குடுக்கறது. நீ போய் டாக்டர்கிட்ட காட்டு, நான் கூட்டினு போறேன்."

நான் எழுந்து உட்கார்ந்தேன். எதிரே பீரோ கண்ணாடி. அதில் என் ஊதின முகம் தெரிந்தது.

உடனே வெளியே போய்க் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. முகம் கழுவினேன். அவளுடைய அக்காவைப் பார்த்து, "நல்லா இருக்கீங்களா?" என்று விசாரித்தேன். தோழி வழக்கம்போல் பொட்டலங்களை நீட்டினாள். அதையும் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வரும் வழி முழுக்க 'வெளியாளுக்கு' என்ற ஒரு சொல்தான் மண்டைக்குள் ஓடியது. மூன்று வருஷம் அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறேன். கவுண்டருக்கு உள்பக்கம்.

கணவரிடம் ராத்திரி சொன்னேன். அவர் நம்பவில்லை. "வேற யாரையோ பத்திச் சொல்லியிருப்பாங்க," என்றார். அப்படி இருந்துவிடக் கூடாதா என்று எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது.

திங்கட்கிழமை பள்ளிக்குப் போனதும் முதல் வேலையாக மீன் விற்கும் அம்மாவுக்கு மகளிடம் சொல்லியனுப்பி வரவழைத்தேன். "அந்த மாத்திரையை இனிமே தொடாதீங்க. வீட்டுல இருக்கறதெல்லாம் குப்பையில போடுங்க," என்றேன். ஏன் என்று கேட்டார். விஷம் என்று சொல்லிவிட்டேன். கோபத்தில் இருந்தேன். அவர் ஒன்றும் புரியாமல் என்னையே பார்த்துக்கொண்டு போனார்.

மறுநாள் லீவு போட்டுவிட்டுப் பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். என் மகளைவிட நாலைந்து வயது மூத்தவராக இருப்பார் அந்தப் பெண் டாக்டர். என் முகத்தைப் பார்த்தார், கழுத்துக்குப் பின்னால் தொட்டுப் பார்த்தார், மலம் கறுப்பாகப் போகிறதா என்று கேட்டார். ஒரு வாரமாகப் போகிறது என்றேன். பொட்டலத்தை எடுத்து மேஜையில் பிரித்து வைத்தேன்.

"எத்தனை நாளா?"

"மூணு வருஷம்."

பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "என்ன வேலை பாக்கறீங்க?"

"டீச்சர்," என்றேன். எந்தப் பாடம் என்று அவர் கேட்காததற்கு இன்றைக்கும் நன்றியோடு இருக்கிறேன்.

வாய் வழியாக டியூப் விட்டுப் பார்த்தார்கள். இரைப்பையில் இரண்டு இடத்தில் புண். ஒன்று கசிந்துகொண்டிருந்தது. நெஞ்செரிச்சலுக்கு நான் குடித்ததெல்லாம் ஒருபக்கம் புண்ணை மூடப் பார்த்திருக்கிறது. இன்னொரு பக்கம் காலையிலும் ராத்திரியிலும் நானே அதைக் கிளறிக்கொண்டிருந்திருக்கிறேன். "அந்த கேப்ஸ்யூல் எரிச்சலை மறைச்சிடுச்சு. அதான் இவ்வளவு நாள் தெரியாம இருந்திருக்கு," என்றார் டாக்டர். அப்புறம், "இந்த மாத்திரையோட பேரும் அளவும் எனக்குத் தெரியணும். உதிரியா இருக்கு, அட்டையும் இல்லை. வாங்கின கடைல கேட்டு எழுதிக்கிட்டு வாங்க. அது தெரியாம மேற்கொண்டு எதுவும் மாத்த முடியாது," என்றார்.

அதனால் அன்றைக்குச் சாயங்காலமே அவள் கடைக்குப் போக வேண்டியதாயிற்று. கவுண்டருக்கு வெளியே, மற்றவர்களோடு நின்றேன்.

"ஏன்டி அங்க நிக்கற? உள்ள வா," என்றாள்.

"இந்த மாத்திரைங்க பேரு வேணும். மஞ்சள் இன்னா, வெள்ளை இன்னா, ரோஸ் இன்னா. எத்தனை மில்லிகிராம். எழுதிக் குடு."

"எதுக்கு?"

"டாக்டர் கேட்டாங்க. வயித்துல புண்ணு."

நின்றிருந்த இரண்டு பேர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களுக்கு அவசரமாக மருந்தைக் கொடுத்து அனுப்பினாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "எல்லா மெடிக்கல்லயும்தான் செட்டு குடுக்கறாங்க. நான் மட்டுமா?" என்றாள்.

"எல்லா மெடிக்கல்காரிக்கும் பிரசவத்துல நான் கூட இருக்கல."

அவள் கண் கலங்கியது. கலங்கியதா, அல்லது எனக்கு அப்படித் தோன்றியதா தெரியாது. உடனே கோபமும் வந்தது.

"டாக்டர்கிட்ட போன்னு மொத நாளே நான் சொல்லல? நீதான நாளைக்குக் காலைல நிக்கணும்னு ஒத்தக் கால்ல நின்ன? அப்புறம் ஒரு நாளாவது வேணாம்னு சொன்னியா? நீ சயின்ஸ் டீச்சரு. இது இன்னா மாத்திரைன்னு ஒரு வாட்டி கேட்டிருக்கியா நீ?"

"உங்கிட்ட எதுக்குடி கேக்கணும்?"

அவள் கவுண்டர் மேல் கிடந்த சீட்டுகளை எடுத்து அடுக்கினாள்.

"உங்க அக்காகூட கேக்கல. அவங்களுக்கு நீயாவே சொன்ன. நான் திரைக்குப் பின்னாலதான் படுத்துகினு இருந்தேன்."

அவள் முகத்திலிருந்து அந்தக் கோபம் அப்படியே இறங்கிப்போனது. என்னைப் பார்க்காமல் ஒரு மாத்திரை டப்பாவின் அட்டையைக் கிழித்தாள். பின்பக்கத்தில் மூன்று பெயர்களை எழுதினாள். மஞ்சள் வலி மாத்திரை. வெள்ளை ஸ்டீராய்டு. ரோஸ், பெயருக்கு ஒரு வயிற்று மாத்திரை. அவள் எழுத்து மாறவே இல்லை. என் ரெக்கார்டு நோட்டில் படங்களுக்குக் கீழே எழுதிய அதே சாய்ந்த எழுத்து.

அட்டையை நீட்டும்போது சொன்னாள்: "வெள்ளைய மட்டும் திடீர்னு நிறுத்தாத. கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்கணும். ஒடம்பு தாங்காது."

என் நன்மைக்காகத்தான் சொன்னாள். ஆனால் அதைக் கேட்டபோதுதான் எனக்கு முழுசாக உறைத்தது. என்ன கொடுக்கிறோம் என்று அவளுக்கு எவ்வளவு நன்றாகத் தெரிந்திருக்கிறது! நிறுத்துவது எப்படி என்பது வரைக்கும். தெரிந்துகொண்டே, எதிரில் உட்காரவைத்து, டீ குடிக்காதே, மீன் தின்னாதே என்று சொல்லியிருக்கிறாள்.

அடுத்த நொடி அந்த மீன்கார அம்மாவின் ஞாபகம் வந்தது. குப்பையில் போடச் சொன்னவள் நான்.

போன் போட்டேன், யாரும் எடுக்கவில்லை. விடிந்ததும் முதல் பஸ்ஸில் போய், பள்ளிக்குக்கூடப் போகாமல் நேராகக் குப்பத்துக்கு நடந்தேன். அந்த அம்மா வீட்டுக்குள் பாயில் கிடந்தார். திங்கட்கிழமை சாயங்காலத்திலிருந்து ஒன்றும் போடவில்லை. செவ்வாய்க்கிழமை ஏலத்துக்குப் போன இடத்தில் கண் இருட்டி மணலில் விழுந்திருக்கிறார். வாந்தி நிற்கவில்லை. எழுந்து உட்கார வலுவில்லை. மகள் பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தாள்.

பக்கத்து வீட்டு ஆட்டோவில் ஏற்றி முதலில் மாமல்லபுரத்துக்கு, அங்கே குளுக்கோஸ் ஏற்றிவிட்டு, அவர்கள் எழுதிக்கொடுத்ததன்பேரில் செங்கல்பட்டுக்கு. வழியெல்லாம் என் தோள் மேல் சாய்ந்திருந்தார். அந்த அட்டைத் துண்டை டாக்டரிடம் நீட்டினேன். உடல் தானாகச் சுரக்க வேண்டியதை இத்தனை நாள் மாத்திரை கொடுத்துவந்ததால் உடல் அதை மறந்துவிட்டது, திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து என்று விளக்கினார். அதே வகை மருந்தை ஊசியாகப் போட்டார்கள். சாயங்காலம் அந்த அம்மா கண் விழித்துக் கஞ்சி கேட்டார்.

மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பும்போது, ஸ்டீராய்டு மாத்திரையையே எழுதிக் கொடுத்திருந்தார்கள், வாரா வாரம் குறைத்துக்கொண்டே வரும்படி. எப்படிப் போடுவதென்று நான் விளக்கிக்கொண்டிருந்தேன். அவர் என் கையிலிருந்த மாத்திரை அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போடுன்னதும் நீ. விஷம்னு தூக்கிப் போட சொன்னதும் நீ. இப்போ அதையே திரும்பப் போடுன்றதும் நீ. நான் எதத்தான் டீச்சர் நம்பறது?"

மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். அவர் தலையைத் திருப்பிக்கொண்டார்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். என் புண் ஆற மூன்று மாதம் ஆயிற்று. வெள்ளை மாத்திரையை எனக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத்தான் நிறுத்தினார்கள். கேப்ஸ்யூலைத்தான் டாக்டரும் கொடுத்தார்; மூன்றாவது மாதக் கடைசியில் அதையும் நிறுத்திவிட்டார். எரிச்சல் போயேபோய்விட்டது. பாட்டில், பொடி, மெல்லும் மாத்திரை எதுவும் இப்போது வீட்டில் இல்லை. அந்த ஒப்பீட்டு நோட்டைக் கிழித்துப் போட்டேன். அதில் ஐந்து மருந்துகளைப் பற்றி எல்லாம் இருந்தது, மூன்று வேளை என்ன சாப்பிட்டேன் என்பதுகூட இருந்தது. பொட்டலத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. இடுப்பு வலி இருக்கிறது. உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்; நாற்காலியில் உட்கார்ந்து பாடம் எடுக்கிறேன்.

மருந்து ஆய்வாளர் அலுவலகத்துக்கு ஒரு மனு எழுதினேன். எழுதிய பிறகு ஒரு வாரம் கைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். அவளுக்கு ஒரு மகன் இருக்கிறான். அவன் பிறந்ததும் முதலில் கையில் வாங்கியவள் நான். கடைசியில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். விசாரணைக்கு வந்தார்களாம், எச்சரித்தார்களாம். அன்றைக்கு அவளிடமிருந்து ஒரே ஒரு போன் வந்தது. "என் பொழப்புல மண்ணப் போட்டுட்ட இல்ல? உன்ன கூடப் பொறந்தவளா நெனச்சேன்டி," என்றாள். அவளுடைய கூடப்பிறந்தவளுக்கு அவள் என்ன சொன்னாள் என்று நான் கேட்டிருக்கலாம். போனை வைத்துவிட்டேன். இப்போது பஸ்ஸிலிருந்து இறங்கினால் அந்தத் தெருவைத் தவிர்த்துச் சுற்றிக்கொண்டுதான் வீட்டுக்குப் போகிறேன். கடை திறந்திருப்பதாகத்தான் சொல்கிறார்கள். பொட்டலம் கட்டுகிறாளா, தெரியாது.

பள்ளியில் அடுத்த பெற்றோர் கூட்டத்தில், செட்டு மாத்திரை போடுபவர்கள் கை தூக்குங்கள் என்று கேட்டேன். பாதிப் பேருக்கு மேல் தூக்கினார்கள். நடந்ததை மறைக்காமல் சொன்னேன். நான் வாங்கிக் கொடுத்ததையும் சேர்த்துத்தான். யாரும் திடீரென்று நிறுத்த வேண்டாம், டாக்டரிடம் பொட்டலத்தோடு போங்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். மீன் விற்கும் அம்மா கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். கூடை தூக்குவதை விட்டுவிட்டு, கடற்கரைச் சாலையோரம் உட்கார்ந்து விற்கிறார் என்று மகள் சொல்லியிருந்தாள்.

கூட்டம் கலைந்த பிறகு என்னிடம் வந்தார். முந்தானையில் முடிந்திருந்ததை அவிழ்த்து, ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரை அட்டைகளை மேஜை மேல் வரிசையாக வைத்தார்.

"இதுல இன்னா எழுதிகீதுன்னு படிச்சி சொல்லு டீச்சர்."

ஒவ்வொன்றாக எடுத்து, பெயரையும் அளவையும் எதற்கு என்பதையும் நிதானமாகப் படித்துச் சொன்னேன். அவர் விரல் விட்டு எண்ணிக்கொண்டே கேட்டார். எல்லாவற்றையும் மறுபடி முந்தானையில் முடிந்துகொண்டார்.

"செரி. இன்னொருத்தர்கிட்டயும் ஒரு வாட்டி கேட்டுக்கறேன்," என்றார்.

"கேட்டுக்கோங்கம்மா," என்றேன்.